‘முதலியன’ என்ற ஓர் எழுத்து: சீன நீதிமன்றங்களில் வேலைவாய்ப்புப் பாகுபாட்டு வழக்குகள்

கேள்வி இது: “சீனாவில் பெண் என்பதற்காகவோ, நோய்த்தொற்று இருப்பதற்காகவோ, இன்ன ஊர்க்காரர் என்பதற்காகவோ வேலை தர மறுத்தால் வழக்குப் போட முடியுமா? கட்சி சொல்வதுதான் சட்டம் என்கிற நாட்டில் அதெல்லாம் வெறும் கண்துடைப்புதானே?”

முடியும். பலர் போட்டிருக்கிறார்கள், சிலர் ஜெயித்தும் இருக்கிறார்கள். ஆனால் ஜெயித்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் கேட்ட வேலை கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ‘கண்துடைப்பு’ என்பது எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்று விளங்கும்.

முதலில் ஒரு வழக்கைக் கிட்டப்போய்ப் பார்த்துவிடுவோம். 2019 ஜூலை. ஹெனான் மாகாணத்துப் பெண் ஒருவர், ஆட்சேர்ப்புச் செயலி வழியாக ஜெஜியாங் மாகாணத்திலுள்ள ஒரு சொகுசு விடுதி நிறுவனத்தில் இரண்டு பணிகளுக்கு விண்ணப்பித்தார். ஒன்று சட்டப் பிரிவில், மற்றொன்று தலைவரின் உதவியாளர் பணி. நிறுவனம் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு ‘பொருத்தமில்லை’ என்று குறித்தது. ஏன் பொருத்தமில்லை என்று எழுதும் இடத்தில் சீனத்தில் மூன்றே எழுத்துகள்: ‘ஹெனான் ஆள்’. படிப்பைப் பற்றியோ அனுபவத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

ஹெனான் என்றால் சீனாவின் மற்ற பகுதிகளில் ஒரு நக்கல் உண்டு. மக்கள்தொகை மிகுந்த, பிழைப்புத் தேடி வெளியூர் போகிறவர்கள் நிறைந்த மாகாணம். ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று அவர்களைப் பற்றிச் சொல்லும் ஜோக்குகளுக்குப் பஞ்சமில்லை. வழக்கமாக இந்த வெறுப்பை யாரும் எழுத்தில் வைக்க மாட்டார்கள். இங்கே வைத்துவிட்டார்கள். அந்தப் பெண் கோபப்பட்டு இணையத்தில் புலம்பியதோடு நிற்கவில்லை. திரையில் தெரிந்ததை நோட்டரி அலுவலகம் மூலம் சான்றாகப் பதிவு செய்துகொண்டார். அதற்கு 1,000 யுவான் செலவு. பிறகு ஹாங்ஜோ இணைய நீதிமன்றத்துக்குப் போனார். இணையம் சார்ந்த வழக்குகளுக்கென்றே 2017-ல் திறக்கப்பட்ட நீதிமன்றம் அது. 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது: மன உளைச்சலுக்கு 9,000 யுவான், நோட்டரிச் செலவு 1,000 யுவான், நேரில் வாய்மொழியாக மன்னிப்பு, தேசிய அளவிலான சட்ட நாளிதழ் ஒன்றில் மன்னிப்பு அறிவிப்பு. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது.

தொகையை விட முக்கியமானது நீதிமன்றம் அங்கே போய்ச் சேர்ந்த வழி. சீனத் தொழிலாளர் சட்டம் 1994-ல் இயற்றப்பட்டது. அதன் 12-வது பிரிவு தேசிய இனம், இனம், பால், மத நம்பிக்கை என்று நான்கைச் சொல்லி, இவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. அதோடு முடிந்தது. நான்குக்கு வெளியே நிற்பவருக்கு அதில் இடம் இல்லை. 2008 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்பு ஊக்குவிப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு அதே நான்கைத் திரும்பச் சொல்கிறது. ஆனால் கடைசியில் ‘தெங்’ என்ற ஓர் எழுத்தைச் சேர்க்கிறது. தமிழில் ‘முதலியன’. நான்கோடு பட்டியல் மூடப்படவில்லை, அதே தன்மையுள்ள வேறு காரணங்களும் இதற்குள் வரும் என்று ஹாங்ஜோ நீதிமன்றம் அந்த ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டது. பிறந்த ஊர் ஒருவர் தேர்ந்தெடுத்ததல்ல, முயற்சியால் மாற்றக்கூடியதுமல்ல, வேலைத் திறமைக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆகவே அதைக் காட்டி விலக்குவது பாகுபாடு. 2022-ல் உச்ச மக்கள் நீதிமன்றம் இதை 185-வது வழிகாட்டி வழக்காக வெளியிட்டது. முன்தீர்ப்புகளால் கட்டுப்படும் வழக்கம் சீனாவில் இல்லை. ஆனாலும் வழிகாட்டி வழக்குகளை மற்ற நீதிமன்றங்கள் கருத்தில் கொண்டாக வேண்டும்.

இந்த ஓர் எழுத்து சட்டத்துக்குள் தானாக வந்துவிடவில்லை. அதற்கு முன்னால் பல தோல்விகள் இருக்கின்றன.

2001 டிசம்பரில் சீன மக்கள் வங்கியின் செங்து கிளை ஆள் எடுக்க விளம்பரம் கொடுத்தது. ஆண்களுக்கு 168 செ.மீ., பெண்களுக்கு 155 செ.மீ. உயரம் வேண்டுமாம். மத்திய வங்கியில் கோப்புப் பார்க்க உயரம் எதற்கு? சிச்சுவான் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் ஜியாங் தாவ் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் அதே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோ வெய். அரசியல் சட்டத்தின் 33-வது பிரிவு, குடிமக்கள் அனைவரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது, அதை வைத்தே வாதம். வங்கி அதற்குள் உயர வரியை விளம்பரத்திலிருந்து நீக்கிவிட்டது, நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. வழக்கு தோற்றது, நிபந்தனையும் போய்விட்டது. பிற்பாடு வந்த பல வழக்குகளின் அச்சு இதுதான்.

அரசியல் சட்டத்தை நேரடியாகக் கையில் எடுக்கும் வழி அதன்பின் குறுகிவிட்டது. 2001-ல் ஒரு மாணவியின் கல்வியுரிமை வழக்கில் அரசியல் சட்டத்தை அடிப்படையாகக் கொள்ளலாம் என்று உச்ச மக்கள் நீதிமன்றம் பதில் கொடுத்திருந்தது. 2008 டிசம்பரில் அந்தப் பதிலை அதே நீதிமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. இனி ‘சமத்துவம்’ என்று வாதாட வேண்டுமானால் சாதாரணச் சட்டத்தில் ஒரு பிரிவைத் தேடியாக வேண்டும்.

அடுத்தது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ். சீனாவில் இதன் எடையைப் புரிந்துகொள்ள ஒரு எண் போதும். 2006-ல் நடந்த தேசிய ஆய்வின்படி வைரஸைச் சுமப்பவர்கள் ஏறத்தாழ 9.3 கோடி. கைகுலுக்கினாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ இது தொற்றாது. ஆனாலும் அரசு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் ரத்தம் எடுத்து இவர்களைக் கழித்துக்கட்டுவது மாகாணத்துக்கு மாகாணம் விதியாகவே இருந்தது. 2003 ஏப்ரலில் ஜெஜியாங்கில் ஒரு பட்டதாரி, தேர்வில் தேறியும் இதனால் நிராகரிக்கப்பட்டு, அலுவலகத்துக்குள் புகுந்து அதிகாரிகளைக் கத்தியால் குத்தினார். ஒருவர் இறந்தார். குத்தியவருக்கு மறு ஆண்டு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அதே 2003-ல், அன்ஹுய் மாகாணம் வூஹு நகரில் ஜாங் சியான்ஜு என்ற இளைஞர் அரசுப் பணித் தேர்வில் தான் விண்ணப்பித்த பணிக்கு முதலிடம் பெற்றார். மருத்துவப் பரிசோதனையில் வைரஸ் தெரிந்தது, வேலை போயிற்று. அவர் நீதிமன்றத்துக்குப் போனார். இங்கும் ஜோ வெய்தான் வழக்கறிஞர். 2004 ஏப்ரலில் வந்த தீர்ப்பு நுணுக்கமானது. மாகாண விதி தகுதியற்றவை என்று பட்டியலிட்ட பரிசோதனை முடிவுகளுக்குள் ஜாங்கின் முடிவு வரவில்லை, ஆகவே நிராகரித்ததற்குப் போதிய சான்றில்லை என்றது நீதிமன்றம். அந்த விதியே நியாயமா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. பணியிடம் நிரப்பப்பட்டுவிட்டது என்பதால் வேலையும் கிடையாது.

வென்றும் வெறுங்கை. ஆனால் வெளியே நடந்ததைப் பாருங்கள். வழக்கு நாடெங்கும் செய்தியானது. 1,611 பேர் கையெழுத்திட்டு, இந்த விதிகள் அரசியல் சட்டத்துக்கு உட்பட்டவையா என்று ஆராயும்படி சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேரவைக்கு மனு அனுப்பினார்கள். 2005 ஜனவரியில் வந்த அரசுப் பணிக்கான பொது உடற்தகுதி விதி, நோயாக மாறாத வைரஸ் சுமப்பவர்களைத் தகுதியுள்ளவர்களாக ஏற்றது. 2010 பிப்ரவரியில் மூன்று அமைச்சகங்கள் சேர்ந்து, பள்ளிச் சேர்க்கைக்கும் வேலைக்குமான பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி சோதனையே கூடாது என்று சுற்றறிக்கை விட்டன. நீதிமன்றம் தொடாத விதியை அமைச்சகம் மாற்றியது. மருத்துவமனைகளில் திருட்டுத்தனமாகச் சோதிப்பது அதோடு ஒழிந்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

என்னைக் கேட்டால், சீன வழக்கறிஞர்கள் ‘தாக்கம் ஏற்படுத்தும் வழக்கு’ என்று சொல்வதன் பொருள் இதுதான். தீர்ப்பை நம்பி இவர்கள் நீதிமன்றப் படி ஏறுவதில்லை. வழக்கு எண் விழுந்தால் பத்திரிகை எழுதும், பேரவை உறுப்பினர் ஒருவர் கையில் ஒரு தீர்மான வரைவு போய்ச் சேரும், அமைச்சகத்துக்குத் தகவல் கேட்டுக் கடிதம் போகும். வழக்கு இவை அனைத்துக்கும் ஒரு சாக்கு, நல்ல சாக்கு.

எல்லா நோய்க்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஹெபடைடிஸுக்கு வழிவிட்ட அதே 2005 விதி, எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தகுதியற்றவர்கள் என்கிறது. 2006-ல் வந்த எய்ட்ஸ் தடுப்பு ஒழுங்குமுறையோ, எச்.ஐ.வி. உள்ளவரின் வேலை உரிமையைச் சட்டம் காக்கும் என்கிறது. இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. 2010-ல் அன்ஹுயின் ஆன்ச்சிங் நகரில், ஆசிரியர் பணிக்குத் தேர்வாகியும் நிராகரிக்கப்பட்ட இளைஞர் வழக்குப் போட்டபோது நீதிமன்றம் உடற்தகுதி விதியின் பக்கம் சாய்ந்தது. அதே ஆண்டு குவாங்தோங்கின் ஃபோஷானில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயின் மரபணுவைச் சுமந்ததற்காக அரசுப் பணி மறுக்கப்பட்ட மூவரும் தோற்றார்கள். அவர்கள் நோயாளிகளே அல்ல, மரபணுவைச் சுமப்பவர்கள் மட்டுமே.

இனி பெண்கள். சீன வேலை விளம்பரங்களில் ‘ஆண்கள் மட்டும்’ என்ற வரி நெடுங்காலம் வெட்கமின்றி நின்றது. 2012-ல் பெய்ஜிங்கில் ‘சாவ் ஜூ’ என்ற புனைபெயரில் ஒரு பட்டதாரிப் பெண், நிர்வாக உதவியாளர் பணியை மறுத்த பயிற்சி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். மனு ஜூலையில் போனது. நீதிமன்றம் அதை ஏற்றுப் பதிவு செய்ததோ 2013 செப்டம்பரில். ஓராண்டுக்கு மேல் அது ஏற்கவும்படாமல் மறுக்கவும்படாமல் கிடந்தது. டிசம்பரில் மன்னிப்போடும் 30,000 யுவானோடும் சமரசமானது. சமரசம் என்பதால் தீர்ப்பு இல்லை.

முதல் தீர்ப்பு ஹாங்ஜோவிலிருந்து வந்தது. 2014-ல் குவோ ஜிங் ஒரு சமையல் பயிற்சிப் பள்ளியில் விளம்பர வாசகம் எழுதும் வேலை கேட்டார். ஆண் முதல்வரோடு அடிக்கடி வெளியூர்ப் பயணம் போக வேண்டும், அவர் பெட்டியும் தூக்க வேண்டும், பெண் சரிப்படமாட்டாள் என்பது பள்ளியின் நியாயம். எழுத்து வேலைக்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம், நீதிபதியும் அதைத்தான் கேட்டார். நவம்பரில் தீர்ப்பு: பாகுபாடு உண்மை, இழப்பீடு 2,000 யுவான், மன்னிப்பு தேவையில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி. 2015 இறுதியில் பெய்ஜிங் அஞ்சல் விரைவுச் சேவை வழக்கிலும் அதே 2,000. அங்கே பெண் ஒருவர் கூரியர் வேலையில் இரண்டு நாள் சோதனை முறையில் ஓடியும் காட்டியிருந்தார். பெண்களுக்குத் தடை செய்யப்பட்ட கடும் உடலுழைப்பு இது என்றது நிறுவனம். அந்தத் தடைப்பட்டியலை எடுத்துப் பார்த்தால், மணிக்கு ஆறு முறைக்கு மேல் 20 கிலோவுக்கு அதிகமாகத் தூக்குவது, விட்டு விட்டு 25 கிலோவுக்கு அதிகமாகத் தூக்குவது என்று அளவு போட்டு எழுதியிருக்கிறது. கூரியர் பை அதில் அடங்காது என்றது நீதிமன்றம். குவாங்ஜோவில் ஓட்டல் சமையலறையில் பயிலுநர் வேலை கேட்ட பெண்ணுக்கு 2016-ல் 2,000 யுவானோடு மேல்முறையீட்டில் மன்னிப்பும் கிடைத்தது.

தொகை ஏன் இவ்வளவு சிறியது? வேலையே கிடைக்காதவருக்கு இழந்த சம்பளம் என்று கணக்குக் காட்ட ஒன்றும் இல்லை. எஞ்சியிருப்பது மன உளைச்சல் மட்டும், அதற்குச் சீன நீதிமன்றங்கள் கைநீட்டிக் கொடுப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. தொழில் தகராறு என்றால் முதலில் நடுவர் ஆணையத்துக்குப் போக வேண்டும், ஆனால் வேலையில் சேராதவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே தொழில் உறவே இல்லை என்று ஆணையம் கைவிரித்துவிடும். அதனால் ஆட்சேர்ப்புப் பாகுபாட்டை மானம், மதிப்பு வகையில் வரும் ‘பொது ஆளுமை உரிமை’க்கு நேர்ந்த தீங்கு என்று சிவில் வழக்காக்கினார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

இந்தச் சுற்றல் குறைந்தது 2018 டிசம்பரில். வழக்குகளைப் பதியும் வகைப்பட்டியலில் ‘சம வேலைவாய்ப்பு உரிமைத் தகராறு’ என்று ஒரு தலைப்பை உச்ச மக்கள் நீதிமன்றம் சேர்த்தது. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறை. காகித வேலை என்று இதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். பதிவுச் சாளரத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தரிடம் எந்தத் தலைப்பில் போடுகிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் திரும்பி வந்த மனுக்கள் ஏராளம். அடுத்த பிப்ரவரியில் ஒன்பது துறைகள் சேர்ந்து விட்ட அறிவிப்பு, நேர்முகத்தில் கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை உண்டா என்று கேட்கவும், சேரும்போது கர்ப்பப் பரிசோதனை செய்யவும் தடை விதித்தது. ஒரு குழந்தைக் கட்டுப்பாடு தளர்ந்து இரண்டு என்று ஆன பிறகு முதலாளிகளின் கண்ணில் ஒவ்வோர் இளம்பெண்ணும் எதிர்கால மகப்பேறு விடுப்பாகத் தெரிந்தாள். அந்தத் தடை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பாலின அடையாளம் சட்டத்தில் எங்கும் பெயர் சொல்லப்படாதது. ஆனாலும் குய்யாங்கில் ஒரு வாரத்தில் வேலையை விட்டு அனுப்பப்பட்ட திருநம்பி ஒருவருக்கு 2017-ல் தீர்ப்பு சாதகமானது, தொகை வழக்கம்போல் 2,000 யுவான். 2020-ல் பெய்ஜிங்கின் இரண்டாம் இடைநிலை நீதிமன்றம், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பணிநீக்கம் செய்யப்பட்ட திருநங்கையின் பக்கம் நின்றது. பிறப்பால் வந்த பாலை வைத்தே உலகைப் பார்த்துப் பழகிவிட்டோம், சிலர் தங்கள் வாழ்வனுபவத்தின்படி வேறாகத் தங்களை வெளிப்படுத்துவார்கள், அதை மதிக்கப் பழக வேண்டும் என்ற கருத்தை நீதிபதிகள் தீர்ப்புக்குள்ளேயே எழுதினார்கள். அதிகாரத் தொனி மேலோங்கிய சீனத் தீர்ப்புகளுக்கு நடுவே இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். மேலே சொன்ன வழக்குகளில் பலவும் தனியாள் துணிச்சலால் மட்டும் நடந்தவை அல்ல. பின்னால் அமைப்புகள் இருந்தன. லூ ஜுன் 2006-ல் பெய்ஜிங்கில் தொடங்கிய யீரென்பிங், ஹெபடைடிஸ் வழக்குகளில் ஆரம்பித்து ஊனமுற்றோர், எச்.ஐ.வி., பெண்கள் என்று விரிந்தது. குவோ ஜியான்மெய் 1995-ல் நிறுவிய பெண்கள் சட்ட உதவி மையம் இருபது ஆண்டு இயங்கியது. காலவரிசையைச் சற்று உற்றுப் பாருங்கள். குவோ ஜிங்கின் தீர்ப்பு 2015 ஜனவரியில் மேல்முறையீட்டில் உறுதியானது. மார்ச்சில், மகளிர் தினத்துக்கு முந்தைய நாள்களில், பேருந்துகளில் நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிராகத் துண்டறிக்கை ஒட்டத் திட்டமிட்ட ஐந்து பெண்கள் கைதாகி 37 நாள் காவலில் இருந்தார்கள். அவர்களில் வூ ரோங்ரோங், ஹாங்ஜோவில் வேலைவாய்ப்புப் பாகுபாட்டை எதிர்த்த ஒரு மையத்தை நடத்தியவர். அதே மாதம் யீரென்பிங் அலுவலகம் சோதனையிடப்பட்டது. அந்த ஆண்டு இறுதியிலேயே கூரியர் வழக்கில் பெண்ணுக்குச் சாதகமான தீர்ப்பு. 2016-ல் குவோ ஜியான்மெய்யின் மையம் மூடப்பட்டது. 2017-ல் வெளிநாட்டு நிதிக்குக் கடிவாளம் போடும் சட்டம் அமலானது. நோயாளிகள், ஊனமுற்றோர் உரிமைக்காக வழக்குகளைத் தொடுத்துவந்த சாங்ஷா நகரத்து அமைப்பின் செங் யுவானும் இரு சகாக்களும் 2019 ஜூலையில் கைதானார்கள், ‘அரச அதிகாரத்தைக் கவிழ்க்க முயன்றதாக’ செங் யுவானுக்கு ஐந்தாண்டுச் சிறை. அந்த மாதம்தான் ஹெனான் பெண்ணின் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டதும்.

ஆக, நீதிமன்றம் பொய்யல்ல. ஒருவர் தனக்கு நேர்ந்ததற்கு வழக்குப் போடலாம், இன்று முன்பைவிட எளிதாகவே போடலாம். பத்துப் பேருக்காகத் திட்டமிட்டு வழக்குகளை நடத்துபவரைத்தான் அரசு பொறுக்காது. 2023-ல் அமலுக்கு வந்த திருத்தப்பட்ட பெண்கள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். ஆர்வலர்கள் பத்தாண்டு கேட்டவற்றில் பல அதில் இருக்கின்றன, மணநிலை விசாரிக்கத் தடை உட்பட. பெண்களின் வேலை உரிமைக்காகப் பொதுநல வழக்குத் தொடுக்கவும் இடமுண்டு. ஆனால் தொடுப்பது அரசு வழக்குத் தொடர்வுத் துறை. நம் நாட்டில்போல யாரோ ஒரு குடிமகன் ‘பொதுநலன்’ என்று மனு எழுதிக்கொண்டு போக முடியாது. குவோ ஜிங் 2017-ல், பணியிடப் பாகுபாட்டுக்கு ஆளாகும் பெண்களுக்குத் தொலைபேசியில் சட்ட வழி சொல்லும் சேவையைத் தொடங்கினார். இனி இடம் அந்த அளவில்தான்.

கேள்வியில் வயதைப் பற்றி இல்லை, ஆனால் சீனாவில் வேலை தேடும் யாரிடம் பேசினாலும் முதலில் வருவது அதுதான். ‘35 வயதுக்குட்பட்டவர்’ என்ற நிபந்தனை அரசுப் பணித் தேர்விலேயே இருந்ததால் தனியாரும் கூசாமல் போட்டார்கள். 2005-ல் ஒரு முதுகலை மாணவர் இதை எதிர்த்துப் பணியாளர் அமைச்சகத்தின் மீது வழக்குப் போட்டபோது பெய்ஜிங் நீதிமன்றம் மனுவை ஏற்கவே மறுத்துவிட்டது. இருபது ஆண்டு கழித்து, 2025 அக்டோபரில் வெளியான தேர்வு அறிவிப்பில் வரம்பு 38 ஆகவும், புதிதாக முதுகலை, முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு 43 ஆகவும் உயர்ந்தது. ஓய்வு வயதைப் படிப்படியாக உயர்த்தத் தொடங்கியதன் தொடர்ச்சி அது, எந்த வழக்கின் பேரிலும் வந்ததல்ல. வயது இன்னும் அந்த ‘முதலியன’வுக்குள் வருமா என்று உறுதியாகச் சொல்லும் வழிகாட்டி வழக்கு எதையும் நான் பார்க்கவில்லை.